இரண்டாக வெட்டிய அகராதி

பாகாலா ஜங்ஷனில் திருப்பதி வண்டி வந்து நின்றது. மொட்டைத் தலைகளும் சந்தனப் பூச்சுமாக யாத்திரிகர்கள் இறங்கினார்கள். பிளாட்பாரம் முழுக்க லட்டு வாசனை. கங்காதரம் மட்டும் இறங்கவில்லை.

இஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனேன். அதே வேகத்தில் திரும்பி வந்தேன். என் தோளில் ஒரு கித்தான் பை. அதற்குள் பெரிய ஆங்கில அகராதி ஒன்றின் முதல் பாதி இருந்தது. இரண்டாம் பாதி கங்காதரத்திடம் இருந்தது. பாதிகளை மாற்றிக்கொள்ளத்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நாங்கள் பாகாலாவுக்கு வருவோம். நான் சித்தூர் வண்டியில் வருவேன், அவன் திருப்பதி வண்டியில் வருவான்.

வருகிற புதன்கிழமை சித்தூரில் ஓர் அரசாங்க வேலைக்கு நேர்முகத் தேர்வு. எனக்கும் உண்டு, அவனுக்கும் உண்டு. வேலை ஒன்றுதான்.

நான் தேதி பார்க்கிறவன் என்பது இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதைக் கேலி செய்து கடிதம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சனிக்கிழமையின் தேதியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆந்திர மாநிலம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்தக் கிராமம் எந்த மாநிலத்துக்கு என்ற தீர்ப்பு வந்துவிட்டது, கிராமங்கள் இன்னும் கைமாறவில்லை. அந்த இடைக்காலத்தில் ஒரு பங்குனி மாதம். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் நான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கும்.

பையில் என்ன?

ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் ஒரு மொழியின் மேல் தார் பூசியிருந்தார்கள். எந்த மொழி என்று நான் எழுதப் போவதில்லை. இரு பக்கமும் அந்த வேலை நடந்தது. வெயிலில் தார் இளகி, பலகையின் கீழ் விளிம்பில் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர்க் குழாய் அருகில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் இரண்டு தடவை வண்டியைச் சுற்றியதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவன் என்னை நோக்கி வந்தான்.

"ஏ ஊரு நீதி?" என்று தெலுங்கில் கேட்டான்.

எந்த ஊர் என்பது அந்த நாட்களில் சாதாரணக் கேள்வி இல்லை. என் ஊர் நகரி. அதை ஒருவன் ஒரு பக்கம் சேர்ப்பான், இன்னொருவன் இன்னொரு பக்கம் சேர்ப்பான். "சித்தூரில் வேலை" என்றேன் தெலுங்கில்.

"சஞ்சியில இன்னா? நோட்டீஸா?"

பையை வாங்கி அவனே திறந்தான். அகராதியைப் புரட்டினான். மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். அவன் ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கூட்டாளிகளிடம் சலிப்போடு சொன்னான்.

"அரே, இங்கிலீஷுரா. வதிலேயண்டி."

விட்டுவிடுங்கள் என்றான். ஆங்கிலம் எந்தப் பக்கத்து மொழியும் இல்லை என்பதால் அன்று தப்பினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். திருப்பதி வண்டி காட்பாடிப் பக்கம் கிளம்பிப் போனது. அடுத்த வண்டி வரும்வரை நின்று பார்த்தேன். அதிலும் அவன் இல்லை.

பேப்பர் கத்தி

அந்த வேலை என்ன, அதற்கும் அகராதிக்கும் என்ன சம்பந்தம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எல்லைக் கிராமங்களின் பத்திரங்களும் மனுக்களும் தமிழிலும் தெலுங்கிலும் மலைமலையாகக் கிடந்தன. அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தமிழ், தெலுங்கு எழுத்துத் தேர்வுகளில் நாங்கள் இருவரும் தேறியிருந்தோம். மிச்சமிருந்தது மேலதிகாரியைப் பார்ப்பது மட்டும்.

அவரை ஊரில் 'வார்த்தை துரை' என்பார்கள். கோதாவரிப் பக்கத்துக்காரர்தான், வெள்ளைக்காரர் இல்லை. ஆனால் ஆங்கிலச் சொற்கள் மேல் அவருக்கு ஒரு வெறி இருந்தது. மேஜை மேல் தடித்த அகராதி ஒன்று இருக்கும். தந்தப் பிடி போட்ட பேப்பர் கத்தியை அதற்குள் செருகி, திறந்த பக்கத்திலிருந்து ஒரு சொல்லைக் கேட்பார். இப்படி மூன்று தடவை. சாதாரணச் சொல் கேட்க மாட்டார். பள்ளிக்கூட அகராதியில் இல்லாத சொல்லாகப் பார்த்துத்தான் கேட்பார். அரிய சொல்லைத் தேடிப் போகிறவன் எளிய சொல்லில் அலட்சியமாக இருக்க மாட்டான் என்பது அவர் கொள்கையாம்.

அதனால் ஜில்லா முழுக்க வேலை தேடும் பையன்கள் விசித்திரமான சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு திரிந்தார்கள். சித்தூர்ப் பூங்காவில் மாலையில் போனால், ஒருவன் மற்றவனைப் பார்த்து "டிஃபெனெஸ்ட்ரேஷன்?" என்பான். "ஜன்னல் வழியா ஆளைத் தூக்கி வெளியே போடறது" என்று பதில் வரும். இப்படி ஒரு காரியத்துக்குத் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிற ஜனங்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று நாங்கள் வியப்போம்.

எனக்கு அது விளையாட்டு இல்லை. சித்தூரில் ஓர் அலுவலகத்தில் நான் தற்காலிக நகல் எழுத்தர். மாதக் கடைசியோடு அதுவும் முடிகிறது. அந்த வருஷத்தோடு அரசாங்க வேலைக்கான வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். இது போனால் நகரியில் நைனாவின் தறிக்குழிதான். இரண்டு தறியில் மூன்று குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நான்காவதாக நானும் போய் உட்கார வேண்டும்.

பைண்டர் பாயின் நியாயம்

கங்காதரமும் நானும் சித்தூரில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் சந்திரகிரிப் பக்கத்துத் தெலுங்குக்காரன். என்னைவிட நன்றாகத் தமிழ் படிப்பான், பேசும்போது மட்டும் இரண்டையும் கலக்குவான். படிப்பு முடிந்து திருப்பதியில் ஒரு மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். மண்டிக்காரர் மகன் வளர்ந்து வந்துகொண்டிருந்ததால் அவன் நிலையும் ஆட்டம் கண்டிருந்தது.

மாநிலம் பிரிந்த பிறகு சென்னைக்கே குடிபெயர்ந்துவிட்ட ஒரு வக்கீல் வீட்டில் சாமான்கள் ஏலம் போயின. அங்கேதான் அந்த அகராதியைப் பார்த்தோம். தனியாக வாங்க இருவருக்கும் சக்தி இல்லை. சேர்ந்து வாங்கினோம். யார் ஊரில் வைப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

வெட்டிவிடலாம் என்று சொன்னது அவன்தான். பஜார் தெருவில் பைண்டர் பாய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் அகராதியைக் கையில் எடை பார்த்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜில்லாவத்தான் வெட்றாங்கன்னு பாத்தா, இதையுமா?" என்றார்.

"எம்-முக்கு முன்னாடி வெட்டுங்க பாய். எம் எனக்கு" என்றான் கங்காதரம்.

"எம்முன்னா மெட்ராஸு. அது எங்களுக்குத்தான் வரணும்" என்றேன் நான்.

"அதுவும் மனதேரா" என்று அவன் சிரித்தான், மெட்ராஸும் எங்களுடையதுதான் என்ற அர்த்தத்தில். அப்போதெல்லாம் இப்படிச் சிரிக்க முடிந்தது.

பைண்டர் பாய்க்கு எங்கள் வழக்கு பிடிக்கவில்லை. "எழுத்த எல்லாம் நான் பாக்கறதில்ல. கனத்தத்தான் பாப்பேன். ரெண்டும் சரி சமமா இருக்கணும், அவ்வளோதான்" என்றார். நாங்கள் மறுப்பதற்குள் கத்தியை வைத்துவிட்டார். அது எம் எழுத்தின் நடுவில் விழுந்தது. என் பாதியின் கடைசி வரியில் 'மிஸில்' என்று ஒரு சொல் மட்டும் இருந்தது. அதன் பொருள் அவன் பாதியின் முதல் வரிக்குப் போய்விட்டது.

இரண்டு பாதிகளையும் ஒட்டிப் பிடித்துப் படித்தோம். மிக மெல்லிய தூறல் என்று பொருள். வெளியே பார்த்தால் அதுதான் பெய்துகொண்டிருந்தது. ஐப்பசிக் கடைசி. நனைகிறோமா இல்லையா என்று தெரியாத தூறல். இருவரும் தலையை வெளியே நீட்டி, "மிஸில், மிஸில்" என்று கத்தினோம். "பைத்தியங்களா, பொஸ்தகத்த நனைச்சிடாதீங்க" என்று பாய் எங்களை உள்ளே இழுத்தார்.

குறைந்த சாம்பார்

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. புதிதாகப் படித்த சொல்லை மூன்று இடத்திலாவது பேச்சில் புழங்க வேண்டும். அப்படிப் புழங்காத சொல் நமக்குச் சொந்தமில்லை என்பான் கங்காதரம்.

நான் சாப்பிட்ட மெஸ்ஸில் சாம்பார்க் கிண்ணம் என்றைக்கும் விளிம்பைத் தொட்டதில்லை. ஒருநாள் மெஸ் நாயுடுவைக் கூப்பிட்டு, "என்னங்க இவ்வளவு அல்லேஜ்?" என்றேன். பாத்திரம் நிரம்பாமல் மேலே விடுபட்ட குறைக்கு அந்தப் பெயர்.

அவர் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார். "அதெல்லாம் நம்ம மெஸ்ல போடறதே இல்ல. முருங்கக்காயும் பருப்பும்தான். வேணும்னா துன்னு பாரு."

எங்கள் உச்சரிப்பு சரியா என்று சொல்ல ஆள் இல்லை. எழுத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி சொல்வோம். இந்த வார இதழைக்கூட 'ஹெப்டோமடல்' என்று குறிக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை வருவது என்று பொருள். அந்தச் சொல்லை இன்று வரை ஒரே ஒருவரைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா பேச்சு

சனிக்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு சித்தூர் திரும்பினேன். அறை வாசலில் ஏகாம்பரம் மாமா உட்கார்ந்திருந்தார். என் அக்காள் கணவர். எங்கள் தறிகளைப் பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான். வேலை முடிவு தெரிந்தபின் போகலாம் என்று நகரியிலிருந்து வந்திருந்தார்.

நடந்ததைச் சொன்னேன்.

"வரலியா? வரமாட்டான் மாப்ளே. வேல ஒண்ணு, ஆளு ரெண்டு. பாதி பொஸ்தகத்த வெச்சிக்கினு அவன் எதுக்கு வரப்போறான்?"

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல மாமா. என் பாதியும் அவனுக்கு வேணுமே."

"அத அவன் முன்னாலயே படிச்சிட்டிருப்பான். நீதான் ஏமாந்து போய்க்கினு கீற. ஊரே ரெண்டா கீது, இவுரு மட்டும் சிநேகிதம்னு சொல்லிக்கினு."

ஞாயிற்றுக்கிழமை வேறு அகராதி தேடி அலைந்தேன். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பெரிய அகராதி வைத்திருந்த ஒரு வக்கீலின் வீட்டுக்குப் போனேன். குமாஸ்தா வாசலிலேயே மறித்து, "நீங்க எந்தக் கட்சி? திருத்தணி கட்சியா, நம்ம கட்சியா?" என்று கேட்டார். வார்த்தை பார்க்க வந்தேன் என்றதை அவர் நம்பவில்லை. திங்கள் அன்று ரயில் மறியல் என்று செய்தி வந்தது. சித்தூருக்கும் வண்டி வரவில்லை.

என் பாதியையே திரும்பத் திரும்பப் படித்தேன். துரை கேட்கக்கூடிய சொற்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்தேன். கண்ணை மூடினால் எம்முக்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. முந்தைய மாதங்களில் அந்த இரண்டாம் பாதியை நானும் படித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கடைசி நாட்களுக்கென்று அதில் பல பக்கங்களை ஒதுக்கி வைத்திருந்தேன். அவ்வளவும் அவனிடம் இருந்தது.

செவ்வாய் இரவு மாமா ஒன்றே ஒன்று சொன்னார். "நாளைக்கு அவன் வந்தான்னா, உன் பாதிய அவன் கண்ணுல காட்டாத. நைனா மேல ஆண."

வராந்தா பெஞ்சு

புதன்கிழமை அலுவலக வராந்தாவில் எங்களைப் போல் இன்னும் சிலர். எல்லார் வாயும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. எதிரே வேப்பமரத்தடியில் மாமா குந்தியிருந்தார். அங்கிருந்து பெஞ்சு நன்றாகத் தெரியும்.

கங்காதரம் வந்தான். சட்டையில் கரியும் புழுதியும். கையில் அந்தப் பாதி, துண்டில் சுற்றியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஏம்ரா சம்பந்தம், பேச மாட்டியா?"

"சனிக்கிழமை பாகாலாவுல நின்னேன்."

"தெரியும்ரா. அக்கா வூட்டு விசேஷம்னு புத்தூர் போனேன். அங்கயே மாட்டிக்கினேன். வெள்ளிக்கெழமலருந்தே அங்க ஒரு பண்டியும் விடல. தந்தி குடுக்கலாம்னா தந்தி ஆபீஸும் பந்த். ரேணிகுண்டா வரைக்கும் கரி லாரில வந்தேன். அங்கருந்து எப்படி வந்தேன்னு கேக்காத."

உண்மையாக இருக்கலாம். சட்டைக் கரி உண்மை. ஆனால் வேப்பமரத்தடியிலிருந்து மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கித்தான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

முதல் ஆள் வெளியே வந்தான். எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். "என்ன வார்த்த? என்ன வார்த்த?"

"ஜெஜூன். கேவில். இன்னொண்ணு, எஃப்ல ஏதோ..." அவனுக்கு அழுகை வந்தது.

இரண்டாவது ஆள் வந்தான். அவன் சொன்ன மூன்று சொற்களும் ஏ-க்கும் எல்-லுக்கும் இடையில்தான் இருந்தன. மூன்றாவது ஆளுக்கும் அப்படியே. துரையின் அகராதி முன்பக்கமாகத் திறந்து பழகிவிட்டது போலும். டவாலி போட்ட பியூன் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு கத்தி முன்னாடிதான் பூடுது" என்றார்.

கேட்கப்படுகிற எல்லாச் சொல்லும் என் மடியில் இருந்தது. கங்காதரம் கையில் இருந்தது இன்று பயன்படாத பாதி. பெயர் வரிசைப்படி அவன் எனக்கு முன்னால் உள்ளே போக வேண்டும்.

அவன் என் பையைப் பார்த்தான். ஒரு தடவைதான். கேட்கவில்லை. துண்டைப் பிரித்து, தன் பாதியை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"உனக்கு ரெண்டு வாரமா இது கிடைக்கலியே. நீ பாரு."

அவன் கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ. ஆணை இருந்தது, மாமா இருந்தார், வயது வரம்பு இருந்தது. அவன் கேட்காமல் இருந்ததுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. அது கோபமா வேறு எதுவுமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. பையைத் திறந்து என் பாதியை எடுத்து, அவன் பாதியோடு சேர்த்துப் பெஞ்சின் மேல் வைத்தேன். வெட்டிய நாளுக்குப் பிறகு இரண்டும் ஒட்டிக் கிடந்தது அன்றுதான்.

எதிரே மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளி வாசல் பக்கம் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் இருவரும் முன்பாதியில்தான் குனிந்திருந்தோம். அவன் பாதியைத் திறக்க நேரமில்லை, தேவை இருப்பதாகவும் தோன்றவில்லை. நான் புள்ளி வைத்த சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒன்றில் விரலை நிறுத்தினேன்.

"இத பாத்துக்கோ. லிமிட்ரோஃப். எல்லைல இருக்கற இடம்னு அர்த்தம். எல்லை ஆபீஸுக்கு ஆள் எடுக்கறாரு. கண்ணுல பட்டா விடமாட்டாரு."

"லிமிட்ரோஃப்" என்று அவன் சொல்லிப் பார்த்தான். பியூன் அவன் பெயரைக் கூப்பிட்டார்.

மூன்றாவது சொல்

அவன் வெளியே வந்தபோது முகத்தில் சந்தோஷமும் பயமும் கலந்து இருந்தன. மற்றவர்கள் மொய்ப்பதற்கு முன் என்னிடம் வந்தான்.

"லிமிட்ரோஃப்" என்றான்.

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே குஸ்குஸ் தட்டிகளில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வெட்டிவேர் வாசனை. துரை ஒல்லியான மனிதர். தலை நிமிராமல் கத்தியைச் செருகினார்.

"எஸ்சீட்."

வாரிசில்லாத சொத்து அரசாங்கத்துக்குப் போவது என்றேன்.

"ஹெப்டோமடல்."

வாரந்தோறும் நிகழ்வது என்றேன். தலையை ஆட்டினார். மூன்றாவது முறை கத்தியைச் செருகும்போது அகராதி கொஞ்சம் நழுவியது. இடது கையால் பிடித்து நிறுத்தினார். கத்தி பின்பக்கம் போய்விழுந்தது.

"யூசுஃப்ரக்ட்."

அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் ஒதுக்கி வைத்திருந்த பக்கங்களில் ஒன்று. யூ எழுத்தின் கடைசி. வெளியே பெஞ்சின் மேல், மூடியபடி கிடந்தது.

"தெரியாது சார். அது என் பாதியில் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "உங்கள் பாதியா?"

சொன்னேன். பைண்டர், பாகாலா, மறியல் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கத்தியை மேஜையில் நேராக வைத்தார்.

"மற்றப் பாதி யாரிடம்?"

"கங்காதரம், சார்."

"அவருக்கு மூன்றும் தெரிந்திருந்தது" என்றார். பிறகு, "நீங்கள் போகலாம்" என்றார். குரலில் கடுமை இல்லை. அதுவே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

சாயங்காலம் பியூன் வெளியே வந்து கங்காதரத்தின் பெயரைப் படித்தார்.

பஸ் ஸ்டாண்டில் மாமா தேநீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "காட்டாதன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க மாமா."

"அப்புறம்?"

தேநீருக்குக் காசு கொடுக்கப் போனேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நகரி வரை எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தார்.

கார்டுகள்

பஸ் கிளம்புமுன் கங்காதரம் ஓடி வந்தான். இரண்டு பாதிகளையும் என்னிடம் நீட்டினான். "ரெண்டும் நீ வெச்சிக்கோ. ஆபீஸ்ல வேற இருக்கும்."

என் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தறிக்குழியில் உட்கார்ந்தேன். பின்னாளில் நெசவாளர்களுக்குக் கணக்கெழுதும் வேலைக்கு மாறியதை முன்பே எழுதிவிட்டேன். அந்த முதல் வருஷத்தில் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நலம் விசாரிப்பு இல்லை. நான் தோற்ற சொல்லைத் துரையே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"யூசுஃப்ரக்ட்: அடுத்தவன் தோட்டத்துப் பழத்தைச் சாப்பிடும் உரிமை. தோட்டம் அவனுடையதே."

அன்று முழுவதும் நூல் ஓட்டும் தறி நாடாவை இழை அறுந்துபோகும் வேகத்தில் ஓட்டினேன். பதில் எழுதவில்லை.

சில மாதங்கள் கழித்து இன்னொரு கார்டு. அதில் ஒரே ஒரு சொல். "வெல்லீட்டி." பொருள் இல்லை. வீ எழுத்து. என் பாதியில் பார்க்க முடியாது. நகரி நூலகத்தில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கார்டைத் தறிச் சட்டத்தில் செருகி வைத்தேன். ஆடி போய் ஆவணி வந்தது. எனக்கே பொறுக்காமல் ஒருநாள் ஒரு வரி எழுதிப் போட்டேன். "அர்த்தம் என்ன?"

உடனே பதில் வந்தது. "ஆசை இருக்கும், ஆனால் காரியம் செய்யவைக்கும் அளவுக்கு இருக்காது. எனக்குப் பதில் எழுத வேண்டும் என்ற உன் ஆசை மாதிரி."

தறிக்குழியில் தனியாகச் சிரித்தேன். மாமா எட்டிப் பார்த்து, "இன்னா மாப்ளே, கிறுக்கு புட்சிக்கிச்சா?" என்றார்.

அன்றிலிருந்து அவன் பின்பாதிச் சொற்களை அனுப்புவான், நான் பொருள் கேட்டு எழுதுவேன். நான் முன்பாதிச் சொற்களை அனுப்புவேன், அவன் கேட்பான். அவன் மேஜையிலேயே துரையின் முழு அகராதி கிடந்தது. அவனும் அதில் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வந்தது, பலகைகளில் தார் உதிர்ந்தது. கார்டுகள் மட்டும் நிற்கவில்லை.

போன வாரம் ஒன்று வந்தது. இப்போது கையெழுத்து கொஞ்சம் ஆடுகிறது. திருப்பதி முத்திரை. உள்ளே ஒரே சொல்.

"மிஸில்."

இதற்கு மட்டும் நான் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.